நான்கு தள நகர வீட்டில் பழைய மைய ஏசியை மாற்றுவது குறித்து

கேள்வி:
இருபுறமும் அடுத்த வீடுகளோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் நான்கு தள வீடு எங்களுடையது. ஆர்-22 என்ற குளிர்பதன வாயுவில் இயங்கும் மைய ஏசி கீழ்த்தளத்தைக் குளிரில் நடுங்கவைக்கிறது, மேல்தளமோ புழுங்குகிறது. கூடுதல் டன் கொண்ட இயந்திரத்தை அதே காற்றுக்குழாய்களில் இணைத்தால் போதுமா?

மறுமொழி 1:
போதாது. ஒரு டன் என்பது ஏறத்தாழ 3.5 கிலோவாட் குளிர்விக்கும் திறன். தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் சட்டெனக் குளிர்வித்து நின்றுவிடுவதால், காற்றின் ஈரப்பதம் சரிவர நீங்காமல் பிசுபிசுப்பு தங்கிவிடும். சிக்கல் பங்கீட்டில் இருக்கிறது: கூரை நேரடியாக வெயிலை வாங்குகிறது, சூடான காற்று படிக்கட்டு வழியே மேலேறுகிறது, வெப்பநிலையைப் பார்த்து ஏசியை இயக்கி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோ பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். முதலில் தளவாரியாக வெப்பச்சுமையை, அதாவது எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்பதை, கணக்கிடச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில்லாமல் விலை சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

மறுமொழி 2:
ஒரே வெளி அலகிலிருந்து பல அறைகளுக்குத் தேவைக்கேற்பக் குளிர்பதனப் பொருளை அனுப்பும் வி.ஆர்.எஃப். அமைப்பை ஆராயுங்கள், மெல்லிய செம்புக்குழாய்களே போதும் என்பதால் சுவர்களை அதிகம் உடைக்க வேண்டியதில்லை. ஆனால் குழாயின் நீளத்துக்கும் உயர வேறுபாட்டுக்கும் தயாரிப்பாளர் வகுத்த வரம்பு உண்டு. வெளி அலகை மொட்டைமாடியில் வைப்பதானால் தளம் தாங்கும் எடையையும், பொதுச் சுவர் வழியே அண்டை வீட்டுக்குக் கடத்தப்படும் அதிர்வையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

மறுமொழி 3:
ஆர்-22 ஓசோன் படலத்தைச் சிதைப்பது. பழைய இயந்திரத்தைக் கழற்றும்போது அந்த வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் உருளையில் மீட்டெடுக்க வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.