நான் இரண்டா, ஒன்பதா? குழம்பித் தெளிந்த கதைகள்

ரங்கூன் டீச்சர்:

ஏழெட்டு மாதமாக நான் என்னை ஒன்பதாம் எண் என்றே நினைத்திருந்தேன். மனிதர்களின் குணத்தை ஒன்பது வகையாகப் பிரித்து எண் கொடுக்கிற முறைதான் எனியகிராம். அதில் ஒன்பது என்றால் சமாதானம் விரும்புகிறவர், சண்டை சச்சரவு என்றாலே ஒதுங்கிப் போகிறவர், யாருக்கும் விட்டுக்கொடுத்துப் போகிறவர். இரண்டாம் எண் என்றால் உதவுகிறவர், கேட்கும் முன்பே ஓடிப்போய்ச் செய்கிறவர். எழுதி வைத்திருப்பதைப் படித்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் இதிலும் பொருந்துவார்கள், அதிலும் பொருந்துவார்கள்.

இந்த ஊரில் குழப்பம் இன்னும் கூடுதல். பர்மியர்கள் 'ஆனாடே' என்பார்கள் இல்லையா, அது நம் வீட்டுப் பேச்சிலும் கலந்துபோய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அடுத்தவருக்குச் சிரமம் வைக்கக் கூடாது, அவர் மனம் சங்கடப்படக் கூடாது என்று நாமாகவே பின்வாங்கிக்கொள்வது. பசி வயிற்றைக் கிள்ளினாலும் "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்போம். அதோடு நம்முடைய 'பரவாயில்லை'யும் சேர்ந்துகொண்டால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இங்கே எல்லாருமே ஒன்பதுதான். நம் எண் எது என்று கண்டுபிடிக்கத் தரும் கேள்வித்தாளில் 'கருத்து வேறுபாட்டைத் தவிர்ப்பீர்களா' என்று இருந்தால் நான் ஆமாம் என்றுதான் போடுவேன். என் தெருவில் யார் வேண்டுமானாலும் ஆமாம் என்றுதான் போடுவார்கள்.

எனக்குத் தெளிந்தது ஓர் அன்னதானத்தில். ஆடி வெள்ளி, விடிகாலை நாலு மணிக்கே நானும் என் நாத்தனாரும் கோயிலுக்குப் போய்விட்டோம். மழை விடவில்லை. விறகு ஈரம், கொட்டகை முழுக்கப் புகை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கினோம். வந்து பார்த்தவர்கள் எங்கள் இரண்டு பேரையும் ஒரே குணம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் நான் நாலு துண்டு நறுக்கினால் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பேன். யாருக்கு டீ போய்ச் சேரவில்லை, எந்தப் பாட்டி ஈரத்தில் உட்கார்ந்திருக்கிறார், சாதம் கிளறும் பையன் கையை ஏன் உதறுகிறான் என்று. பாட்டிக்கு ஒரு பலகை கொண்டுவந்து போட்டேன். பையன் கையில் சூடு பட்டிருந்தது, யார் பையிலோ மருந்து தேடி வாங்கித் தடவிவிட்டேன். நாத்தனார் நிமிரவே இல்லை. ஒருவர் வந்து "அக்கா, இதை விட்டுட்டு வெங்காயம் உரிங்க" என்றார், வெங்காயத்துக்குப் போனாள். இன்னொருவர் வந்து "பூசணிக்காயே பாருங்க" என்றார், திரும்பி வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

பந்தி முடிந்ததும் மைக்கில் சமையலுக்கு உதவியவர்களின் பெயர்களை வாசித்தார்கள். அவள் பெயர் வந்தது. என் பெயர் விட்டுப்போனது, யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. அவள் "என் பேரை எதுக்குச் சொல்றாங்க" என்று தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அண்டா தேய்க்கும்போது மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். டீ பதினொரு பேருக்கு. பலகை. மருந்து. இலை துடைத்தது. ஒவ்வொன்றாக, விடாமல். கை தேய்த்துக்கொண்டே இருக்கிறது, மனசு எண்ணிக்கொண்டே இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி படுத்திருக்கும்போதுதான் உறைத்தது. ஒன்பதுக்கு இந்தக் கணக்கு கிடையாது. கொடுக்கும்போது நான் எதையும் எதிர்பார்க்கவில்லை, அது சத்தியம். ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு நோட்டு எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஒன்பது எண்களையும் மூன்று மூன்றாகப் பிரிப்பார்கள்: 2, 3, 4 நெஞ்சு, 5, 6, 7 தலை, 8, 9, 1 வயிறு. நெஞ்சில் இருக்கிற இரண்டாம் எண்ணுக்கு அடியில் கிடக்கும் பயம், நான் யாருக்கும் வேண்டாதவளாகிவிடுவேனோ என்பது. வயிற்றில் இருக்கிற ஒன்பதுக்கு அடியில் கிடப்பது கோபம். அதை அவர்கள் தாலாட்டித் தூங்கவைத்துவிடுகிறார்கள், எழுந்தால் உறவு அறுந்துவிடுமே என்று. செய்கிற காரியம் ஒன்றேதான். அது கிளம்புகிற இடம் வேறு.

உங்களுக்கு எப்படித் தெளிந்தது? நடந்ததைச் சொல்லுங்கள். இன்னும் தெளியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

மோல்மீன் கடைக்காரர்:

டீச்சர், என் கதை உங்கள் கதைக்குத் தலைகீழ். என்னை எல்லாரும் இரண்டு என்றார்கள், நானும் சரி என்றேன். மளிகைக் கடை வைத்திருக்கிறேன். யார் கடன் கேட்டாலும் கொடுப்பேன். ஊரில் தர்மவான் என்று பெயர். ஆனால் யாருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கடன் நோட்டு மகள் கையில்தான் இருக்கிறது. நீங்கள் சொன்ன கணக்கு என்னிடம் இல்லவே இல்லை. இரக்கப்பட்டு நான் கொடுத்தது கொஞ்சம்தான். இல்லை என்று சொல்வதைவிடக் கொடுத்துவிடுவது சுலபம், அவ்வளவுதான். அவர் வாசலில் நின்று இன்னொரு தடவை கேட்பாரே, அந்த ஒரு நிமிடத்தை என்னால் தாங்க முடியாது.

என் வீட்டுக்காரி ஒரு முறை ரங்கூனுக்குப் போய்ப் பத்து நாள் தங்கினாள். முதல் நாள் காலையில் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். பையன் வந்து என்ன வேண்டும் என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து மேசையைப் பார்த்தேன், மொய்ங்கா, அதுதான் பர்மிய மீன் நூடுல்ஸ், சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அதையே சொன்னேன். மறுநாளும் பக்கத்து மேசையைத்தான் பார்த்தேன். மூன்றாம் நாள் அந்தப் பையன் கேட்காமலே மொய்ங்கா கொண்டுவந்து வைத்தான், மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி. ஐம்பத்திரண்டு வயது. எனக்கு மொய்ங்கா பிடிக்குமா என்று அதுவரை யோசித்ததே இல்லை.

கோபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எனக்குக் கோபமே வராது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அக்கா மகன் கடை முகப்பை மாற்றலாம் மாமா என்றான். எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் "சரிப்பா" என்றேன். எட்டு மாதம் தச்சரைக் கூப்பிடவில்லை. அவன் கேட்கும்போதெல்லாம் "ஆமா, பார்க்கணும்" என்பேன். கடைசியில் அவன் கேட்பதையே விட்டுவிட்டான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அவனை நான் தோற்கடித்திருக்கிறேன். அது கோபம்தான் என்று பிறகுதான் புரிந்தது. அவன் முகம் வாடிப்போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டாம் எண்காரருக்குக் கோபம் வந்தால் "உனக்கு நான் என்னவெல்லாம் செய்தேன்" என்று வாய்விட்டு வரும். எங்களுக்கு வாயில் வராது, காலில்தான் வரும். நகர மாட்டோம்.

பெகு மருமகள்:

எனக்குக் கேள்வித்தாளில் முதலில் இரண்டு வந்தது, ஆறு மாதம் கழித்து ஒன்பது வந்தது. கூட்டுக் குடும்பத்தில் மருமகளாக இருக்கிறவள் கேள்விக்குப் பதில் எழுதும்போது குணத்தைப் பார்த்து எழுதுகிறாளா, கடமையைப் பார்த்து எழுதுகிறாளா? அதனால் கல்யாணத்துக்கு முன்னால், பதினெட்டு இருபது வயதில் எப்படி இருந்தோம் என்று யோசிக்கச் சொல்வார்கள். நான் யோசித்தேன். யாரிடமும் வலியப் போய் ஒன்றும் செய்ததாக ஞாபகம் இல்லை. மழை பெய்தால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன், அதுதான் எனக்குச் சந்தோஷம்.

இன்னொன்றும் பார்த்தேன். மனசு நெருக்கடியில் இரண்டு எட்டைப்போல் ஆகுமாம், அதட்டும், உத்தரவு போடும். ஒன்பது ஆறைப்போல் ஆகுமாம், சந்தேகமும் பதற்றமும் வரும். மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் யாரையும் அதட்டவில்லை. ஒரே மாத்திரையைப் பற்றி மூன்று நர்சுகளிடம் தனித்தனியாகக் கேட்டேன். வீட்டுக்கு வந்தால் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்த்தேன். ஒன்பதுதான்.

ரங்கூன் புதன்பிள்ளை:

எல்லாரும் சொன்னதைப் படித்தேன். என் அனுபவம் எனியகிராம் இல்லை, ஆனால் இதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

நான் புதன்கிழமை பிறந்தவன். பர்மியர் கணக்கில் வாரத்துக்கு எட்டு நாள், புதனை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். காலையில் பிறந்தால் புதன், தந்தம் உள்ள யானை, தெற்குத் திசை. மதியத்துக்கு மேல் பிறந்தால் ராகு, தந்தம் இல்லாத யானை, வடமேற்கு. நம் பஞ்சாங்கத்திலும் புதன்கிழமை ராகு காலம் பகல் 12 முதல் 1.30 வரைதான், அந்த ஒற்றுமை எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆச்சரியம். ஷ்வேடகன் பகோடாவுக்குப் போனால் அவரவர் கிழமைக்குரிய இடத்தில் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றுவோம். அம்மா எனக்குக் காலை என்றுதான் சொல்லியிருந்தார். இருபத்தாறு வயதுவரை தெற்கே போய்த் தந்தமுள்ள யானைக்குத்தான் ஊற்றினேன். காலைப் புதன்காரனுக்கு என்று சொல்லும் குணமெல்லாம் என்னிடம் அச்சு அசலாக இருப்பதாக நம்பினேன்.

அப்புறம் பெரியம்மா ஒரு நாள் பேச்சுவாக்கில், "நீ பிறந்தப்போ உங்க அப்பா மத்தியானச் சாப்பாட்டை முடிச்சுட்டுத்தான் வந்தார்" என்றார். அம்மாவும் யோசித்துப் பார்த்து ஆமாம் என்றார். நான் ராகு. அடுத்த பௌர்ணமிக்கு வடமேற்கு மூலைக்குப் போய் நின்றேன். அதே யானை, தந்தம் மட்டும் இல்லை. இங்கே சொல்லும் குணமும் எனக்குப் பொருந்தத்தான் செய்தது. அன்றைக்கு எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்படியானால் இருபத்தாறு வருடம் பொருந்தியது என்ன?

பிறகுதான் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளரின் சோதனையைப் பற்றிப் படித்தேன். 1948ல் அவர் 39 மாணவர்களிடம் குணச் சோதனை ஒன்றை எழுதி வாங்கினார். பிறகு ஆளுக்கு ஒரு முடிவு கொடுத்து, உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 0 முதல் 5 வரை மதிப்புப் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அத்தனை பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களைக் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

அதனால் எனக்கு இதில் ஒரு பயம் உண்டு. விவரத்தைப் படித்து 'இது நான்தான்' என்று தோன்றுவதை மட்டும் நம்பாதீர்கள், அப்படித் தோன்றத்தான் செய்யும். எனியகிராமும் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததில்லை. ஆஸ்கார் இச்சாசோ சிலி நாட்டில் சொல்லிக்கொடுத்தது, 1970ல் அவரிடம் கற்ற கிளாடியோ நரான்ஹோ என்ற மனநல மருத்துவர் அதை உளவியல் பக்கம் கொண்டுவந்தார். அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. டீச்சர் அண்டா தேய்த்ததும் அண்ணன் தச்சரைக் கூப்பிடாமல் விட்டதும் எந்த விவரத் தாளிலும் இல்லை. எனக்கு நம்பிக்கை வருவது அந்த இடத்தில்தான். நாமே விரும்பாத ஒன்றை நம்மிடம் பார்க்கும்போது அது தவறாக இருப்பது அபூர்வம்.

மோல்மீன் கடைக்காரர்:

தம்பி, இப்போது எந்த யானைக்கு ஊற்றுகிறாய்?

ரங்கூன் புதன்பிள்ளை:

வடமேற்குதான் அண்ணே. தெற்குப் பக்கம் போனால் அதையும் கும்பிடுகிறேன், இத்தனை வருடம் பழகியதாயிற்றே.

ரங்கூன் டீச்சர்:

அண்ணன் டீக்கடை கதையைப் படித்ததும் எனக்கு நாத்தனார் ஞாபகம்தான். போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். என்ன சமைக்கட்டும், உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் அவளிடம் அப்படிக் கேட்டதே இல்லை, அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியும் என்று நினைத்து நானே செய்து போட்டிருக்கிறேன். அதுவும் இரண்டாம் எண்ணின் குணம்தான், இப்போது தெரிகிறது.

"எதுவானாலும் சரி அண்ணி" என்றாள். இல்லை, சொல்லு என்றேன். யோசித்தாள். கறியா, மீனா என்று நாக்கு நுனிவரை வந்தது, எடுத்துக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அஞ்சு நிமிடம் இருக்கும். "தெரியலையே அண்ணி" என்றாள், கண் கலங்கியிருந்தது. சரி, பரவாயில்லை, தெரியும்போது சொல்லு என்று விட்டுவிட்டேன். இருப்பதை வைத்துச் சாப்பிட்டோம்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி, கரண்ட் போயிருந்த நேரம், போன் அடித்தது. ஹலோகூடச் சொல்லவில்லை. "அண்ணி, கத்தரிக்காய் புளிக்குழம்பு. நல்லா சுண்ட வச்சது. ஆனா கருவாடு போடாம" என்றாள்.

எங்கள் வீட்டில் எப்போதும் கருவாடு போட்டுத்தான் வைப்பேன்.