‘ஃபிரெயில்டி’க்குத் தமிழ்ச்சொல்: ‘நொய்ம்மை’யை ஏற்கலாம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

சிறு நோயோ அழுத்தமோ வந்தாலும் உடல் தாங்காமல் சரிந்து, மீளத் திணறும் நிலையை முதியோர் மருத்துவத்தில் ‘ஃபிரெயில்டி’ (frailty) என்பர். அதற்கு மூப்புத் தளர்ச்சி, மெலிவு, பலவீனம், நலிவு, நொய்ம்மை ஆகிய சொற்கள், தமிழ்ச்சொல் தேடும் இவ்விழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் ‘நொய்ம்மை’யே பொருந்தும் என்று கருதுகிறேன். அந்நிலை எவ்வாறு உருவாகிறது, எவரைப் பற்றுகிறது என்பதைக் கொண்டே இம்முடிவுக்கு வந்தேன்.

முதியோர் மருத்துவ ஆய்வாளர் லிண்டா ஃபிரைடும் அவருடைய குழுவினரும் 2001-இல் வெளியிட்ட வரையறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. முயலாமலே ஓராண்டில் எடை ஏறத்தாழ 4.5 கிலோவுக்கு மேல் குறைதல், தீராக் களைப்பு, கைப்பிடி வலுக்குறைவு, நடைவேகக் குறைவு, உடலியக்கக் குறைவு ஆகிய ஐந்தில் மூன்றேனும் இருந்தால் அவர் இந்நிலையை அடைந்தவர். ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய கட்டத்தில் உள்ளவர். இந்த ஐந்தில் ஒன்றாகிய தசை வலுக்குறைவைத்தான் ‘பலவீனம்’ என்று வழங்கிவருகிறோம். முழு நிலைக்கும் அதையே வைத்தால் பகுதிக்கும் முழுமைக்கும் ஒரே பெயராகிவிடும். ‘மெலிவு’க்கும் இக்குறை உண்டு. மேலும், உடல் பருத்தவர்களுக்கும் தசை குறைந்து இந்நிலை வருவதால், அச்சொல் அவர்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிடும்.

‘மூப்புத் தளர்ச்சி’யை நான் உறுதியாக மறுக்கிறேன். வயது முதன்மையான இடர்க்காரணிதான் (இந்நிலை வரும் வாய்ப்பைக் கூட்டுவது); ஆயினும் பல நாட்பட்ட நோய்கள் ஒருசேர இருத்தல், ஐந்தோ அதற்கு மேலோ மருந்துகளை அன்றாடம் உட்கொள்ளுதல், புரதம் போதாத உணவு, மனச்சோர்வு, தனிமை, புகைப்பழக்கம், வறுமை ஆகியவையும் உடன் நிற்கின்றன. படுக்கையில் கிடக்கும் நாட்களை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. நலமாக இருந்த முதியவர்களைப் 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்த ஆய்வொன்றில், அவர்களுடைய கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ கொழுப்பற்ற திசு குறைந்துபோனது. நிமோனியா குணமாகி வீடு திரும்பிய ஒருவர், முன்பு இயல்பாக எழுந்த அதே நாற்காலியிலிருந்து இப்போது இரு கைகளையும் ஊன்றி, ஒருமுறை பின்னுக்குச் சாய்ந்து, மறுமுறை உந்தித்தான் எழுகிறார். இந்நிலையின் பெயரிலேயே மூப்பு இருந்தால், வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டாரும் அவரும் அமைந்துவிடுவார்கள். தசைக்கு வலுவூட்டும் பயிற்சியாலும் போதிய புரத உணவாலும் பலரை, குறிப்பாகத் தொடக்கக் கட்டத்தில் உள்ளவர்களை, மீட்க முடியும் என்பதால், கைவிடச் சொல்லும் பெயர் இதற்கு ஆகாது.

‘நலிவு’ நல்ல சொல்லே. ஆனால் ‘நலிவுற்ற பிரிவினர்’ என்பது சமூகப் பொருளாதார வழக்கில் நிலைத்துவிட்டது. வறுமையும் இங்கே ஓர் இடர்க்காரணியாக இருப்பதால், ‘நலிவுற்ற பிரிவினரிடையே நலிவு’ என்று எழுத நேரும்போது படிப்பவர் தடுமாறுவார்.

சிறு அழுத்தத்தையும் தாங்காமல் குலைந்துபோகும் தன்மையை ‘நொய்ம்மை’ உணர்த்துகிறது. ஒரு சிறுநீர்த் தொற்றோ புதிய மருந்தொன்றோ வந்தவுடன் உடல் சரிந்து, பழைய நிலைக்கு மீளத் திணறுவதுதான் இந்நிலையின் மையக்கூறு. பழக்கமில்லாத சொல் என்ற எதிர்ப்பு எழலாம். வேறு மருத்துவப் பொருள் ஏதும் அதன்மேல் ஏறியிராதது நமக்கு நன்மையே என்பேன். முன்நொய்ம்மை, நொய்ம்மையுற்றோர், நொய்ம்மைச் சுட்டெண் என்று கிளைச்சொற்களும் இடறாமல் அமைகின்றன.

இச்சொல்லைப் பதிவிடும்போது இரண்டு குறிப்புகளைச் சேர்க்க வேண்டுகிறேன். இடர்க்காரணி என்பது நேரடிக் காரணமாகவே இருக்க வேண்டியதில்லை: மனச்சோர்வு நொய்ம்மைக்கு இட்டுச்செல்வதுபோலவே நொய்ம்மையும் மனச்சோர்வைத் தருகிறது. அடுத்து, ‘சார்கோபீனியா’ (வயதாகும்போது தசையின் அளவும் வலுவும் குறைதல்) தசையைப் பற்றியது மட்டுமே என்பதால், அதற்குத் ‘தசையிழப்பு’ என்ற தனிச்சொல்லைத் தனிப்பதிவாகவே வைக்க வேண்டும்.