புதுப்பிப்பு: அனலாக் கமெராவைக் கழற்றியாச்சு

திருகோணமலை டச் பே கடற்கரைக்குக் கிட்ட இருக்கிற எங்கட வீட்டில நாலு பழைய அனலாக் கண்காணிப்புக் கமெராவையும் ஐபிக்கு (நெட்வேர்க் வழியாப் படம் அனுப்புற கமெராவுக்கு) மாத்தலாமா எண்டு போன மாசம் கேட்டிருந்தன். மாத்தியாச்சு. பழைய கோஆக்சியல் வயரைக் கழற்றினா, முனையெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு. உப்புக் காத்து! படம் கலங்கினதுக்கு நான் சும்மா கமெராவைத்தான் ஏசிக்கொண்டிருந்தன். இப்ப கேட் சிக்ஸ் எண்ட நெட்வேர்க் கேபிள். பிஓஈ சுவிட்ச் (நெட்வேர்க் வயரிலயே மின்சாரமும் குடுக்கிற பெட்டி) போட்டதால மின்சாரமும் படமும் ஒரே வயரில போகுது, தனி அடப்டர் வேண்டாம். 100 மீற்றருக்கு மேல இழுக்கக்கூடாது, எங்கட கேற்றுக்கு 40 தான். வெளி இணைப்பு எல்லாம் தண்ணி போகாத பெட்டிக்குள்ள. கமெராவோட வந்த கடவுச்சொல்லையும் முதல் நாளே மாத்தினன்.

ராவில பூக்கண்டைத் தின்னுறது ஆரெண்டும் தெளிவாத் தெரிஞ்சுது: பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்.