புதுப்பிப்பு: அம்மாவின் முடக்குவாதமும் எடையும், 8 மாதம் கழித்து

மார்ச்சில் இங்கே கேட்டிருந்தேன்: அம்மாவுக்கு 58 வயது, 84 கிலோ, முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி விறைக்கும் ருமட்டாய்டு நோய்). அதற்கான மருந்து மெத்தோட்ரெக்ஸேட் வாரம் 15 மி.கி. எடுத்தும் சிஆர்பி (உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) இறங்கவில்லை, அடுத்த மருந்துக்குப் போகலாமா என்று. பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

"மருந்தைக் கூட்டும் முன் மூட்டை அல்ட்ராசவுண்டில் பாருங்க" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் பலித்தது. மணிக்கட்டில் வீக்கம் கொஞ்சம்தான். முட்டிவலி பெரும்பாலும் தேய்மானம். கொழுப்புத் திசுவே இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கும், அதனால் கல்லீரல் சிஆர்பியைக் கூட்டும், குறிப்பாகப் பருமனான பெண்களுக்கு எண் ஏறியே நிற்கலாம் என்றார் டாக்டர். அதற்காக எடை வெறும் எண் விவகாரம் இல்லையாம். பருமன் இருந்தால் வலி அதிகம், நோய் முழுசாக அடங்குவதும் குறைவு.

மருந்தை மாற்றவில்லை. ராத்திரிச் சோறு பாதியானது, தினமும் நாற்காலிப் பயிற்சி. இப்போது 76 கிலோ. காலை விறைப்பு ஒரு மணி நேரத்திலிருந்து 15 நிமிடம். முன்பு காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அணைத்துத்தான் தூக்குவார். போன வாரம் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார், நான்தான் பிடுங்கி வைத்தேன்.

எதிர்பாராதது: எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு பருமனானவர்களுக்குக் குறைவாகவே தெரிகிறதாம். "அப்போ குண்டா இருக்கிறதே நல்லது" என்று அம்மா அதைப் பிடித்துக்கொண்டார்!

சிஆர்பி 14இலிருந்து 7. மெத்தோட்ரெக்ஸேட்டின் பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் ஆசிட் தொடர்கிறது.