ஹிமாலயன் 411 தலை ஆட்டம்: விண்ட்ஸ்கிரீனை ஒசத்தணுமா, கொறைக்கணுமா?

மணல்மேடு:
வண்டி ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 பைக், ஹெட்லைட்டுக்கு மேல காத்தை மறைக்கிற விண்ட்ஸ்கிரீன் கம்பெனி போட்டதுதான். 75 தாண்டினா ஹெல்மெட் குலுங்குது, 90ல எதிர்ல வர்ற போர்டையே படிக்க முடியல. நெஞ்சுல காத்து அவ்வளவா அடிக்கல. என் உயரம் 5 அடி 10. ஓட்டம் பெரும்பாலும் மதுரை – நாகர்கோவில், சில சமயம் மனைவியும் பின்னாடி. கடையில மூணு சாமான் காட்டுறாங்க: உசரமான டூரிங் ஸ்கிரீன், இருக்குற ஸ்கிரீன் மேல மாட்டுற க்ளிப் ஸ்பாய்லர், உசரம் கொறைஞ்ச கட்டை ஸ்கிரீன். எதை வாங்கலாம்?

காத்தாடி:
கட்டை. யோசிக்கவே வேண்டாம்.

தலையை ஆட்டுறது காத்து இல்ல, கலங்குன காத்து. ஸ்கிரீனோட மேல் விளிம்பைத் தாண்டுற காத்து அங்கேயே சுழல் சுழலா உடையும். அந்தச் சுழல் பட்டை பின்னாடி வர வர தடிச்சுக்கிட்டே வரும். ஹிமாலயன்ல ஸ்கிரீன் தலையில இருந்து ரொம்ப தள்ளி முன்னாடி இருக்கு. உங்க உயரத்துக்கு அந்தப் பட்டை சரியா கண்ணு மட்டத்துல வந்து மோதுது. ஸ்கிரீனைக் கொறைச்சா பட்டை தோள் மட்டத்துக்கு எறங்கிடும், ஹெல்மெட்டுக்கு நேர் காத்து கிடைக்கும். நேர் காத்து சத்தம் போடும், ஆனா ஆட்டாது.

ஸ்பானர்செட்:
தம்பி, நெஞ்சுக் கணக்கையும் போட்டுப் பாருங்க. நிமிர்ந்து உக்காந்தா காத்து படுற பரப்பு தோராயமா அரை சதுர மீட்டர்னு வச்சுக்குவோம். 80ல சுமார் 15 கிலோ தள்ளும், 100ல 23 கிலோ. வேகம் ரெட்டிச்சா தள்ளு நாலு மடங்கு. ஸ்போர்ட்ஸ் வண்டியில குனிஞ்சு உக்காந்தா அந்தக் காத்தே மணிக்கட்டு பாரத்தைக் கொஞ்சம் தாங்கும். ஹிமாலயன்ல நிமிர்ந்து உக்காருறோம், அந்த லாபம் கெடையாது. மொத்தத் தள்ளையும் கையாலதான் இழுத்துப் பிடிக்கணும். நாகர்கோவில் போய்ச் சேர்றதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடும். ஐப்பசி மழையைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம்.

உசரமான ஸ்கிரீன் வாங்குங்க. ஆனா மேல் நுனி வெளிப்பக்கம் லேசா வளைஞ்சு, உதடு மாதிரி இருக்கறதா பாருங்க. அந்த உதடு காத்தை இன்னும் ரெண்டு மூணு விரக்கடை மேல தூக்கிவிடும், ஸ்கிரீன் அவ்வளவு உசரம் தேவைப்படாது.

காத்தாடி:
5 அடி 10 ஆளுக்கு பட்டை மண்டைக்கு மேல போகணும்னா ஸ்கிரீன் நுனி கிட்டத்தட்ட மூக்கு மட்டம் வரைக்கும் வரணும். அதுல 5 செ.மீ. கொறைஞ்சாலும் ஆட்டம் நெத்தியில இருந்து உச்சந்தலைக்கு மாறும், அவ்வளவுதான். கடையில விக்கிற "டூரிங்" ஸ்கிரீன்ல பாதி இந்த ரெண்டுங்கெட்டான் உசரத்துலதான் இருக்கு. காசையும் குடுத்து ஆட்டத்தையும் வாங்கணுமா?

மூக்கு மட்டத்துக்கும் மேல போனா ஸ்கிரீன் வழியாத்தான் ரோட்டைப் பாக்கணும். ராத்திரி மழையில, கீறல் விழுந்த பிளாஸ்டிக் வழியா, எதிர்ல ஹை பீம் அடிச்சுக்கிட்டு வர்ற லாரியைப் பாருங்க. வெளிச்சம் மட்டும்தான் தெரியும், ரோடு தெரியாது.

ஸ்பானர்செட்:
வழியா பாக்கச் சொல்லலையே. மேல பாக்கணும். உக்காந்த நிலையில 20 மீட்டர் தூரத்துல ரோட்டைப் பாத்தா ஸ்கிரீன் நுனி அந்தப் பார்வைக் கோட்டுக்கு ரெண்டு விரல் கீழ இருக்கணும். சட்டையைப் போல இதையும் அளவெடுத்துத்தான் வாங்கணும், படத்தைப் பாத்து இல்ல. ஆள் உயரத்தை விட இடுப்புக்கு மேல எவ்வளவு நீளம்ங்கறதுதான் கணக்கு. ஒரே 5 அடி 10ல ஒருத்தருக்கு ஒத்து வர்றது இன்னொருத்தருக்கு ஒத்து வராது. சீட் ஃபோமை மாத்தினாக்கூட கணக்கு மாறிடும்.

ஆரல்வாய்:
ரெண்டு பேரும் ஒரு கேள்வியை விட்டுட்டீங்க. மணல்மேடு, உங்க ஹெல்மெட் என்ன? முன்னாடி தொப்பி விளிம்பு மாதிரி பீக் நீட்டிக்கிட்டு இருக்குற அட்வென்ச்சர் டைப்பா?

மணல்மேடு:
ஆமாண்ணே, பீக் இருக்கு.

ஆரல்வாய்:
அப்ப மொதல்ல அதைக் கழட்டி ஓட்டிப் பாருங்க. பக்கத்து ஸ்க்ரூவைத் திருகினா வந்துடும். கலங்குன காத்து பீக்குக்கு அடியில பூந்தா தலையைப் பின்னாடி நெம்பும். விண்ட்ஸ்கிரீன் மேல போடுற பழியில பாதி இந்த பீக்கோடது.

அதுக்கப்புறமும் ஆடினா, நாலு வழிச் சாலையில வண்டி இல்லாத நேரான பகுதியில 75–80ல நிதானமா போங்க. ரெண்டு கையும் ஹேண்டில்ல இருக்கட்டும். ஃபுட்பெக்ல, அதாவது கால் வைக்கிற கம்பியில, கால ஊனி மெதுவா எழும்புங்க. எந்த உசரத்துல ஆட்டம் நிக்குதுன்னு கவனிங்க. பெறவு உக்காந்து மெதுவா குனிங்க, அங்க எப்ப நிக்குதுன்னு பாருங்க. 4 செ.மீ. எழும்பினாலே ஆட்டம் நின்னு, 12 செ.மீ. குனிஞ்சாத்தான் நிக்குதுன்னா காத்தாடி சொல்ற கட்டை ஸ்கிரீன். கணக்கு தலைகீழா வந்தா ஸ்பானர்செட் சொல்றது. எந்தப் பக்கம் தூரம் கம்மியோ அந்தப் பக்கம் போகணும்.

காத்தாடி:
இது நியாயம். ஆனா குனியும்போது தலை கீழ மட்டும் போகாது, முன்னாடியும் போகுது. ஸ்கிரீன் கிட்ட போகப் போக பட்டை மெலிசு. அதனால குனியுற கணக்கு கொஞ்சம் பொய் சொல்லும், உசரமான ஸ்கிரீனுக்குச் சாதகமாத்தான் சொல்லும்.

ஸ்பானர்செட்:
ஒத்துக்கறேன். அப்ப வாங்குறதுக்கு முன்னாடி மாதிரி செஞ்சு பாருங்க. ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கிற கடையில 3 மி.மீ. சன்போர்டு (கெட்டியான பிளாஸ்டிக் அட்டை) துண்டு கிடைக்கும். இருக்குற ஸ்கிரீனோட முன்பக்கம் வச்சு மாஸ்கிங் டேப்பால நாலு பக்கமும் ஒட்டுங்க. கீழ 6 செ.மீ.யாவது ஸ்கிரீன் மேல படிஞ்சிருக்கணும், இல்லன்னா காத்துல மடங்கி மொகத்துல அடிக்கும். மொதல்ல 10 செ.மீ. உசரம் கூட்டி ஓட்டிப் பாத்து, 2 செ.மீ. 2 செ.மீ.யா நறுக்கிக்கிட்டே வாங்க. ஊருக்கு வெளிய, 80க்கு மேல வேண்டாம்.

காத்தாடி:
கொறைச்சுப் பாக்கறதுக்கு இன்னும் சுலபம். ஸ்கிரீனையே கழட்டிட்டு ஓட்டுங்க. செலவு ஒரு அலன் கீ.

மணல்மேடு:
க்ளிப் ஸ்பாய்லர் பத்தி யாரும் சொல்லலையே?

ஸ்பானர்செட்:
மோசமில்ல. கோணத்தை மாத்திக்கலாம், ஸ்பாய்லருக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவுல விடுற சந்து வழியா காத்து பூந்து சுழலைக் கொஞ்சம் அடக்கும். ஆனா க்ளிப் புடிச்சிருக்குற ரெண்டு புள்ளியில மொத்த அழுத்தமும் எறங்கும். ஸ்கிரீன் 3 மி.மீ.க்குக் கீழ இருந்தா அங்கதான் விரிசல் விடும். க்ளிப்புக்கு அடியில சைக்கிள் ட்யூப் ரப்பர் வைக்காம மாட்டாதீங்க.

ஆரல்வாய்:
நாகர்கோவில் ஓட்டம்னதால இதையும் சொல்லிடறேன். ஆனி, ஆடியில முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் கணவாய்க் காத்து பக்கவாட்டுல அறையும். காத்தாலை அங்க சும்மா நடலை. அதே கம்பெனியோட கிளாசிக், புல்லட்ல பெரிய ஸ்கிரீனை ஹேண்டில்லயோ, முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்குற ஃபோர்க்லயோ கட்டுறாங்க. காத்து ஸ்கிரீனைத் தள்ளினா அது நேரா ஸ்டீயரிங்கைத் திருப்பும். லாரிக்குப் பின்னால வர்ற கலங்கலும் கையில உதறலாத் தெரியும். 411ல ஹெட்லைட்டும் ஸ்கிரீனும் ஃப்ரேமோட நிக்குது, ஹேண்டிலோட திரும்பாது. தள்ளினா வண்டி மொத்தமாத் தள்ளும், ஸ்டீயரிங் தானா திரும்பாது. அந்த வகையில 411ல உசரம் கூட்டுறது கிளாசிக்ல கூட்டுறதை விட ஆபத்து கம்மி. ஆனா ஹேண்டில்ல மாட்டுற யுனிவர்சல் ஸ்கிரீனைக் கொண்டுவந்து 411ல கட்டினா அந்த நன்மை போச்சு.

காத்தாடி:
பின்னாடி உக்கார்றவங்களை எல்லாரும் மறந்தாச்சு. ஓட்டுறவர் மண்டையைத் தாண்டுற பட்டை அவங்க மொகத்துலதான் எறங்கும். கட்டை ஸ்கிரீன்ல ஓட்டுறவர் ஒடம்பே அவங்களுக்கு மறைப்பு. அப்புறம் சித்திரை வெயில். நெஞ்சுக்குக் காத்தே வராத ஸ்கிரீனோட மத்தியானம் விருதுநகரைத் தாண்டிப் பாருங்க, ஜாக்கெட்டுக்குள்ள இட்லி வேகும்.

ஸ்பானர்செட்:
வெயில் விஷயத்துல நீங்க சொல்றது சரி. பின்சீட்டுக்கு வழி இருக்கு. ஸ்கிரீனுக்குப் பின்னாடி காத்தழுத்தம் கொறையுது, மேல போற காத்தை அந்தக் குறைவுதான் உள்ள இழுத்துச் சுழட்டுது. ஸ்கிரீனோட அடிப்பக்கம் 12–15 மி.மீ. சந்து விட்டா கீழ இருந்து காத்து பூந்து அதை நிரப்பும். ஓட்டுறவருக்கும் பின்னாடி இருக்கறவங்களுக்கும் ஆட்டம் கொறையும். மணல்மேடு, காசு செலவழிக்கறதுக்கு முன்னாடி இருக்குற ஸ்கிரீன்லயே இதைச் செஞ்சு பாருங்க. ஸ்கிரீனுக்கும் அதைத் தாங்குற சட்டத்துக்கும் நடுவுல, ஸ்க்ரூவைச் சுத்தி வைக்கிற நைலான் புஷ் (குழாய்த் துண்டு) லேத்துல கேட்டா வெட்டித் தருவாங்க. புஷ் எவ்வளவு நீளமோ ஸ்க்ரூவும் அவ்வளவு நீளம் கூடணும். பழைய ஸ்க்ரூவையே போட்டா மரை சரியாப் பிடிக்காது, ஸ்பீட் பிரேக்கர்ல புடுங்கிக்கும்.

மணல்மேடு:
சரிண்ணே. புது ஸ்கிரீன்தான் தேவைன்னா எந்த பிளாஸ்டிக், அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா?

ஸ்பானர்செட்:
பாலிகார்பனேட், மேல ஹார்டு கோட்டிங் போட்டது, 3லிருந்து 4 மி.மீ. லாரி டயர்ல தெறிக்கிற கல்லுக்கு அக்ரிலிக் சில்லு சில்லா ஒடையும்.

காத்தாடி:
மூக்கு மட்டம் வரைக்கும் போடறவருக்கு அது. கட்டை ஸ்கிரீனுக்கு அக்ரிலிக்கே போதும், சீக்கிரம் கீறல் விழாது. கோட்டிங் இல்லாத பாலிகார்பனேட்டைத் தொடைச்சுத் தொடைச்சே மங்கலாக்கிடுவாங்க, மிச்சத்தை வெயில் மஞ்சளாக்கிடும்.

ஆரல்வாய்:
எதுவா இருந்தாலும் மாட்டுறதுலதான் கெடுக்கறாங்க. 40 செ.மீ. ஷீட் 35 டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட 1 மி.மீ. நீளும். 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு ஓட்டை 6.5 இருக்கணும், ரெண்டு பக்கமும் ரப்பர் இல்ல நைலான் வாஷர். வாஷர் லேசா அமுங்கினதும் நிறுத்திடுங்க. இன்னும் ஒரு திருகு திருகினா ஓட்டையில இருந்து விரிசல் கெளம்பும். ஸ்க்ரூ கழண்டுடும்னு த்ரெட் லாக்கர் (மரையில விடுற பசை) விடாதீங்க, அது பாலிகார்பனேட்ல பட்டா ஓட்டையைச் சுத்தி மயிர் மயிரா வெடிப்பு விடும். பெட்ரோல், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் அதே கதைதான். பூச்சி ஒட்டினா ஈரத்துணியை பத்து நிமிஷம் போத்தி ஊற வச்சு, சோப்புத் தண்ணியில கழுவுங்க.

மணல்மேடு:
மொதல்ல பீக்கைக் கழட்டறேன், அப்புறம் புஷ். புஷ் 12 மி.மீ.யா 15ஆ?

ஸ்பானர்செட்:
15 வெட்டிக்குங்க. அதிகம்னா தேய்ச்சுக்கலாம்.

காத்தாடி:
ரெண்டும் செஞ்சு ஆடினா ஸ்கிரீனைக் கழட்டிட்டு ஒரு ஓட்டம் ஓட்டுங்க. நீங்களே கட்டை ஸ்கிரீன் கேட்டு கடைக்குப் போவீங்க.

ஸ்பானர்செட்:
மழை வந்ததும் திரும்பி வருவார்.