புதுப்பிப்பு: கார்த்தஹேனா போய் வந்தாச்சு

கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் பழைய நகரின் மையத்தில் தங்கலாமா, பக்கத்துக் கெத்செமனியிலா என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்ன கெத்செமனியிலேயே அறை எடுத்தோம். சாயங்காலமானால் திரினிதாத் சதுக்கத்தில் ஊரே கூடிவிடுகிறது. அரேபா என்கிற சோளமாவு ரொட்டியை எண்ணெயில் பொரித்து, வயிற்றைக் கீறி முட்டையை ஊற்றி, மறுபடி எண்ணெயில் போடுகிறார்கள். அதற்காகவே இன்னொரு முறை போகலாம்!

சான் ஃபெலிப்பே கோட்டைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மேலே நிழல் கிடையாது. 1741இல் கடற்படைத் தளபதி வெர்னனின் பிரிட்டிஷ் படை முட்டி மோதித் தோற்ற இடம் இது. கீழே, அன்று ஊரைக் காத்த ஸ்பானியத் தளபதி பிளாஸ் தெ லெசோவின் சிலை: ஒற்றைக் கால், ஒற்றைக் கை, அதிலும் ஓங்கிய வாள்.

பழைய நகரைச் சுற்றியுள்ள மதில்மேல் நடக்கக் கட்டணம் இல்லை. அப்புறம், தலையில் பழக்கூடையோடு நிற்கும் பலென்கேரா எனப்படும் பழம் விற்கும் பெண்களைப் படம் எடுப்பதென்றால் முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள்.