டுஷேன் நோய்: வாய்வழி மருந்துப் பரிசோதனையில் சேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு எட்டு வயது, டுஷேன் தசைச்சிதைவு நோய். ஸ்டீராய்டு எடுத்துக்கொள்கிறான். இன்னும் நடக்கிறான், படிக்கட்டுதான் சிரமம்.

கிவினோஸ்டாட் பற்றிப் படித்தேன். சாப்பாட்டோடு தினமும் இரண்டு வேளை குடிக்கிற மருந்து, இந்த நோய்க்குக் காரணமான மரபணுப் பிழை எந்த வகை என்றாலும் கொடுக்கலாமாம். எபிடிஸ் என்ற பரிசோதனையில் நடக்கக்கூடிய 179 பையன்களைச் சேர்த்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஸ்டீராய்டு தொடர்ந்தது, மூன்றில் ஒருவருக்கு மட்டும் மருந்தில்லாத போலி திரவம். 18 மாதம் கழித்து நான்கு படி ஏறும் நேரத்தைப் பார்த்தபோது, மருந்து குடித்தவர்களின் தளர்ச்சி குறைவாக இருந்தது. நோய் நிற்கவில்லை, வேகம்தான் குறைந்தது. எனக்கு அதுவே பெரிய விஷயம். 2024 மார்ச்சில் அமெரிக்கா ஆறு வயதிலிருந்து அனுமதித்தது. வயிற்றுப்போக்கு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைவது, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறுவது என்று பக்கவிளைவுகளும் உண்டு.

இந்த மருந்தோ, இதே நோய்க்கான வேறு வாய்வழி மருந்தோ இந்தியாவில் பரிசோதனையில் இருந்து, உங்கள் பிள்ளை அதில் சேர்ந்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். பிள்ளையைச் சேர்க்கலாமா என்று தேர்வு செய்யும்போது என்னென்ன பார்த்தார்கள்? ரத்தப் பரிசோதனைக்கு எத்தனை முறை அழைத்தார்கள்? போக்குவரத்துச் செலவு கொடுத்தார்களா? அப்புறம் முக்கியமானது, பரிசோதனை முடிந்த பிறகும் மருந்து கிடைத்ததா? இந்தியாவின் 2019 மருந்துப் பரிசோதனை விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது, ஆனால் பரிசோதனையை நடத்தும் டாக்டர் பரிந்துரைத்து, பங்கேற்பவர்களின் நலனைக் கவனிக்கும் நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இதை எப்படிக் கேட்டு எழுதி வாங்கினீர்கள்?

மத்திய அரசின் பரிசோதனைப் பதிவேட்டில் தேடப் பழகியவர்கள் வழி சொன்னாலும் போதும். மருத்துவ அறிக்கைகளைப் பொதுவில் போட வேண்டாம், தனிச்செய்தி அனுப்புங்கள்.